சமையல் மஞ்சளும் மாத்திரை மஞ்சளும் ஒண்ணில்ல

தங்கச்சிகளா, மருந்துக்கடைக்குப் போனா மஞ்சள் கேப்சூல், நெல்லிக்காய் மாத்திரைன்னு 'ஆன்டிஆக்ஸிடன்ட்' டப்பாக்களை வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளுங்க.

உடம்பு தன் வேலையைச் செய்யும்போதே 'ஃப்ரீ ராடிக்கல்' உருவாகும். அது அளவு மீறினா செல்களைக் கெடுக்கும். அதை அடக்குறதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட். மஞ்சள்ல அது குர்குமின். நெல்லிக்காய்ல வைட்டமின் சி-யும், துவர்ப்பு தர்ற டானினும்.

வெறும் வெந்நீர்ல மஞ்சள்தூள் கலக்கிக் குடிக்கிறதுல பெரிசா பலன் இல்லை. குர்குமின் தண்ணில கரையாது, கொழுப்புலதான் கரையும். உடம்பு அதை உறிஞ்சிக்கிறதும் ரொம்பக் கம்மி. 1998-ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வுல, 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்கிற பைப்பரினை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும், ரத்தத்துல சேர்ற அளவு பல மடங்கு கூடிச்சு. அதனால ஆடை எடுக்காத பால்ல மஞ்சளோட ரெண்டு மிளகையும் தட்டிப் போடுங்க. நல்லெண்ணெய் விட்டு வைக்கிற மிளகுக் குழம்புல இந்தக் கூட்டணி தானாவே அமைஞ்சிடுது, பாருங்க! கண்ணைப் பறிக்கிற பளபளப்பு மஞ்சளை மட்டும் தொடாதீங்க. நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் ஏத்துறவங்க இருக்காங்க.

நெல்லிக்காயை நறுக்கின கையோட சாப்பிடுங்க. இரும்புக் கத்தி பட்டா டானின் கறுத்துடும், எவர்சில்வர் கத்தியே எடுங்க. டீயிலயும் ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு, ஆனா சாப்பிட்ட உடனே குடிச்சா கீரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. ரத்தசோகை உள்ள பொண்ணுங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

இப்ப மாத்திரைக்கு வர்றேன். நல்லது தானே, நிறைய போட்டா என்னன்னு நினைக்காதீங்க. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற ஆண்களுக்கு வருஷக்கணக்கா பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. 1994-ல முடிவு வந்தப்போ, மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்துச்சு. அதே பீட்டா கரோட்டின் கேரட்ல, கீரையில இருக்கு. அதைச் சாப்பாடா எடுத்துக்கிறதுல இப்படி ஒரு ஆபத்து தெரியல. மஞ்சள் கேப்சூலும் அப்படித்தான். இத்தாலியிலயும் ஆஸ்திரேலியாவுலயும் அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிச்சிருக்கு. சமையல்ல உதவுற அந்த மிளகுப் பைப்பரினே, செறிவான கேப்சூல்ல சேரும்போது ஆபத்தைக் கூட்டுது.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, பித்தப்பையில கல் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க, ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சவங்க இந்தக் கேப்சூல் பக்கமே போகாதீங்க. ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருந்தா, அடுத்த முறை டாக்டர்கிட்ட போகும்போது அந்த டப்பாவையும் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க.