சீதை வேடத்தில் விபீஷணன் மகள்

கேள்வி: பாங்காக்கில் 'கோன்' முகமூடி நாட்டிய நாடகம் பார்த்தேன். சீதைபோல் மகுடம் வைத்த ஒரு பெண், தன்னழகைத் தானே ரசிப்பதுபோல் தனியாக வெகுநேரம் ஆடினாள். சிறையிருக்கும் சீதைக்கு ஏன் இந்தச் சிங்காரம்? மற்றபடி, பெண் பாத்திரங்களின் ஆட்டமெல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்கு உறுத்தியது சரிதான். நீங்கள் பார்த்தது அநேகமாகச் சீதையே இல்லை. விபீஷணன் மகள் பென்யகாய்.

தாய்லாந்து ராமகாதையான ராமகியனில் 'மிதக்கும் நங்கை' என்றொரு கட்டம். சீதையின் பிணமாக உருமாறி ராமனின் பாசறைப் பக்கம் ஆற்றில் மிதந்து போ, அவன் போரை விட்டுவிடுவான் என்று தம்பி மகளுக்கு இராவணன் கட்டளையிடுகிறான். அவள் தோட்டத்துக்குப் போய்ச் சீதையை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து உருமாறுகிறாள். உருமாறிய பூரிப்பில் ஆடுவதுதான் 'சுய் சாய்'. கம்பனில் இந்திரசித்து வெட்டுவது வெறும் மாயாசீதை. இங்கே மாயைக்குள் உயிருள்ள ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது. ஆடுபவர் சீதையின் நளினத்தையும் காட்ட வேண்டும், 'எப்படி என் வேடம்?' என்ற அரக்கர் குலப் பெண்ணின் மிதப்பையும் காட்ட வேண்டும். பெண் பாத்திர ஆட்டங்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை.

காதுக்கும் வேலை உண்டு. பாடகி ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும், 'பீ' என்ற குழல் அந்த அடியையே திருப்பி ஊதும். நம் நாதஸ்வரம்போல் சீவாளி வைத்த கருவிதான். சொல்லும் குழைவும் அப்படியே கேட்கும், குழல் பேசுகிறதோ என்றிருக்கும். ஆடுபவர் வாய் திறப்பதில்லை.

எல்லாம் ஒரே மாதிரி தெரிந்ததற்குக் காரணம் இலக்கணம். பெண் பாத்திரத்தை 'துவா நாங்' என்பார்கள், நாயகனை 'துவா ப்ரா'. நாயகன் முழங்கால்களை அகல விரித்து நிற்பான். நாங் ஒடுக்கி நிற்பாள். வளைத்து உயர்த்திய கையின் விரல்நுனி நாயகனுக்கு நெற்றியோரம் வரை போகும், அவளுக்குப் புருவ நுனியோடு நின்றுவிடும். காலைத் தூக்கினாலும் தாழ்வாகத்தான். இத்தனை சிறிய வட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்ட வேண்டும் என்பதால்தான் அவர்களின் கையையே பார்க்கச் சொல்கிறேன். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தொட, மற்ற மூன்றும் விசிறியாகப் பின்னோக்கி வளையும். இந்த வளைவுக்காகச் சிறு வயதிலேயே விரல்களைப் பிடித்து வளைத்துப் பழக்குவார்கள்.

நாங் பாத்திரங்களிலும் இரு வகை. சீதைபோன்ற அரசகுலப் பெண்கள் நிதானமாக அசைவார்கள். 'நாங் தலாத்', அதாவது சந்தைப் பெண், வெடுக்கென்று திரும்புவாள், கையை வீசுவாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிறகு குழப்பம் வராது.

ஒரு காலத்தில் கோனில் பெண் வேடமும் ஆண்களுடையதே. அரண்மனைக்குள் நடந்த 'லகோன் நை' நாடகத்தில் நேர்மாறாக நாயகன் உட்பட எல்லோரும் பெண்கள். பெண்கள் குழு வைத்துக்கொள்வது மன்னரின் தனியுரிமையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் ராமா மன்னர் அதைத் தளர்த்தினார். இன்று கோனில் நாங் வேடம் பெண்களுடையது, முகமூடி இல்லாமல்.

அடுத்த முறை பார்க்கும்போது, சுய் சாய் முடிந்ததும் கைதட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடாதீர்கள். பென்யகாய் சபைக்கு வருவாள். சீதையே மனமிரங்கி வந்துவிட்டாள் என்று இராவணன் குழைந்துகொண்டு நெருங்குவான். அவள் பதறிப்போய்ச் சொந்த உருவம் காட்டுவாள். சபை நடுவே அசடு வழியும் அந்த அரக்கனுக்குப் பச்சை முகமூடி; வெட்கத்தை அவன் கைகாலில்தான் காட்டியாக வேண்டும்.