ஏழாவது தம்ளர்

திருச்சுழி,
ஆவணி 14.

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதுவது.

போனில் பேசும்போது இருமினாயே, அது விட்டதா? பெங்களூர்க் குளிரில் ராத்திரி வண்டி ஓட்டினால் காதை மூடிக்கொண்டு ஓட்டு. இங்கே இன்னும் மழை இல்லை. குண்டாறு காய்ந்து கிடக்கிறது. கண்மாய் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். வைகாசியில் ஒரு மழை பெய்தது, அதை நம்பிக் கீழ்க்காட்டில் குதிரைவாலி விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய குடி விளையாட்டுச் செயலித் திட்டத்தைப் படித்துவிட்டேன். போனில் எழுத்து பொடியாக இருந்ததால் பதினோரு பக்கத்தையும் பிரிண்ட் போட்டு வாங்கி, இரண்டு நாள் வைத்துப் படித்தேன். புரியாத இடங்களை மாடிவீட்டுப் பிள்ளை சொல்லிக் கொடுத்தாள். அவள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கூகுளும் ஆப்பிளும் போட்டிருக்கிற விதிகளையும் அவளே எடுத்துப் படித்துக் காட்டினாள்.

வேலையை விட்டுவிட்டு இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். தோட்டம் விற்ற பணத்தில் மூன்று லட்சம் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது. என் மனசில் பட்டதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே யோசித்துக்கொள்.

முதலில் கணக்கு. நெசவாளர் சங்கத்தில் 28 வருஷம் கணக்கு எழுதினவள் நான். புது டிசைன் சேலை போடலாம் என்று யார் வந்தாலும், நூல் விலை, சாயம், கூலி எல்லாம் பிறகுதான். யார் வாங்குவார்கள், மறுபடி வந்து வாங்குவார்களா, இதைத்தான் முதலில் கேட்போம். பாவு ஓட்டித் தறியில் ஏற்றிவிட்டால் அப்புறம் மனசு மாற முடியாது. அறுத்து முடிக்கிற வரைக்கும் அந்தச் சேலைதான்.

நீ சந்தை எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்கு டாஸ்மாக் வருமானத்தைப் போட்டிருக்கிறாய். 2023-24-ல் 45 ஆயிரம் கோடிக்கு மேல். அந்தத் தொகை சரிதான். ஆனால் அது கலால் வரியும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசாங்கத்துக்குப் போன பணம். அதைக் கொடுத்தவன் யார்? சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டையில் கடை வாசலில் நிற்கிறவன். அவன் பிளாஸ்டிக் தம்ளரில் நின்றபடியே ஊற்றிக் குடித்துவிட்டுப் போகிறான். போனை வட்டத்தின் நடுவில் வைத்துப் பேர் சுற்றி விளையாடுகிறவன் அவன் கிடையாது. உன் செயலியை வாங்கப்போவது உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகள். அவர்களும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். அதற்காக 45 ஆயிரம் கோடியை எழுதி வைப்பது, ஊரில் எல்லாரும் வேட்டி கட்டுகிறார்கள், ஆகவே எல்லாரும் நம் பட்டு வேட்டி வாங்குவார்கள் என்பது மாதிரி.

பத்தாயிரம் பேர் 99 ரூபாய் கொடுத்து வாங்குவார்கள் என்று போட்டிருக்கிறாய். அப்படியே வைத்துக்கொள்வோம். 9 லட்சத்து 90 ஆயிரம். கூகுளுக்கு நூற்றுக்கு 15 போனால் 8 லட்சத்து 41 ஆயிரத்து 500. அதில் படம் வரைகிறவருக்கு, விளம்பரத்துக்கு, வரிக்கு. நீ இப்போது வருஷத்துக்கு வாங்குகிற சம்பளம் இதைவிட அதிகம். வாங்கினவன் அடுத்த வருஷமும் வாங்குவானா என்று உன் பதினோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. இதே மாதிரி ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்றும் இல்லை. பிக்கோலோ என்று பிரெஞ்சுக்காரர்கள் செய்தது ஒன்று பல வருஷமாக ஓடுகிறதாமே. விளையாடுகிறவர்கள் பேரைப் போட்டால் யார் என்ன செய்ய வேண்டும், யார் எத்தனை மடக்கு குடிக்க வேண்டும் என்று அதுவே சொல்லுமாம். உன்னுடையது தமிழில் சொல்லும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அப்புறம் விதிகள். ஆப்பிள்காரன் தன் கடையில் இனி எது வேண்டாம் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான். டார்ச் லைட்டுச் செயலி, ஜோசியச் செயலி, குடி விளையாட்டுச் செயலி இதெல்லாம் போதுமான அளவுக்கு வந்துவிட்டது, புதிதாக உயர்வாக ஏதாவது இருந்தால் ஒழிய நிராகரிப்போம் என்று அர்த்தம். அளவுக்கு மீறிக் குடிக்கத் தூண்டுகிறதைச் சேர்க்க மாட்டோம் என்று தனியாக இன்னொரு விதி. கூகுளில், போட்டி போட்டுக் குடிப்பதை நல்லது மாதிரிக் காட்டக் கூடாது என்றே இருக்கிறது. வருஷா வருஷம் ஆப்பிளுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரு தடவை 25 டாலர். அது சின்னக் காசு, போனால் போகட்டும். ஆறு மாதம் ராப்பகலாக உழைத்த பிறகு ஒருவன் ஒரு வரியில் முடியாது என்று சொல்லிவிட்டால்?

மாடிவீட்டுப் பிள்ளை அந்த வரியைப் படித்தபோது டார்ச் லைட்டு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அவள் தொடர்ந்து படித்துக்கொண்டே போனாள். எனக்கு அப்புறம் எதுவும் காதில் ஏறவில்லை.

உன் சித்தப்பா கதை உனக்குத் தெரியும். தெரிந்த வரைக்கும் தெரியும். மீதியை இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. உன் அப்பாவுக்கும் இந்தத் திட்டத்தை அனுப்பி, ஒரு வாரமாகப் பதிலே இல்லை என்று நீ வருத்தப்பட்டிராவிட்டால் நானும் பேசியிருக்க மாட்டேன்.

சாராயக் கடையை 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள். நான் சொல்வது 1983 பங்குனி. உன் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். மூட்டம் பற்றி நீ பார்த்திருக்க மாட்டாய். வேலிக்கருவை விறகை வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். காற்றுப் புகாமல் புகைந்தால் கரி. எங்கேயாவது ஒரு வெடிப்பு விழுந்து காற்றுப் போய்விட்டால் விடிவதற்குள் எல்லாம் சாம்பல். அதனால் ராத்திரி தூங்காமல் சுற்றிச் சுற்றி வந்து வெடிப்பைப் பார்த்து மண் அப்ப வேண்டும். இருட்டில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் போனால் ஒன்றும் தெரியாது. உன் சித்தப்பாவுக்கு ஒரு டார்ச் லைட்டு வேண்டும் என்று ஆசை. மூணு கட்டை போடுகிற பெரிய டார்ச்.

பங்குனிப் பொங்கல் அன்று ராத்திரி, ஒருத்தன் அப்படி ஒரு டார்ச்சைப் பந்தயம் வைத்தான். இடைவெளி விடாமல் ஏழு தம்ளர். என் தம்பி குடிகாரன் இல்லை, மருமகனே. அதற்கு முன்னால் இரண்டு தடவையோ மூன்று தடவையோ குடித்திருப்பான். தானாகக் குடித்திருந்தால் இரண்டாவது தம்ளரில் குமட்டி எழுந்து போயிருப்பான். சுற்றி நாற்பது பேர். ஒவ்வொரு தம்ளருக்கும் கைதட்டல். நான் வீட்டில் பொங்கல் பானை கழுவிக்கொண்டிருந்தேன், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ சிலம்பம் சுற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு குரல் உரக்க எண்ணியது. கூட்டமும் கூடச் சேர்ந்து எண்ணியது.

எண்ணினது உன் அப்பா.

அவருக்கு அப்போது 24 வயசு. தம்பி ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் எண்ணினார். அண்ணன் எண்ணுகிறான் என்பதால் அவனும் நிறுத்தவில்லை. ஜெயித்தான். டார்ச்சைக் கையில் வாங்கி வானத்தைப் பார்த்து அடித்தானாம். தூங்கட்டும் என்று திண்ணையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். வேகமாகக் குடித்தது, குடித்து நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்படிக் கிடக்கிறவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மல்லாக்கக் கிடந்து வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போய்விடும், தனியே விடக் கூடாது. இதெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நர்ஸம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். கோழி கூப்பிடுகிற நேரத்தில் நான் போய்த் தொட்டேன். கை சில்லென்று இருந்தது. டார்ச் எரிந்துகொண்டே கிடந்து மங்கிப்போயிருந்தது.

கைதட்டின நாற்பது பேரில் பாதிப் பேர் காடு வரைக்கும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பந்தயம் கட்டினவன் ஒரு மாதம் ஊரிலேயே இல்லை. குடியைப் பற்றி ஆயிரம் பேசுகிறார்கள். கடையை மூடு என்கிறார்கள், நேரத்தைக் குறை என்கிறார்கள். நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் என் மனசில் ஆழமாகப் பதிந்துபோனது ஒன்று. தன் ஆசைக்குக் குடிக்கிறவனை அவன் உடம்பே ஓர் இடத்தில் தடுக்கும். அடுத்தவர் எண்ணிக் கைதட்டக் குடிக்கிறவனுக்கு அந்தத் தடுப்பு இருக்காது. வெட்கம் அவனைப் பிடித்துத் தள்ளும்.

உன் திட்டத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. ஒரு பேர், அதற்குக் கீழே '3 மடக்கு' என்று பெரிய எழுத்து, கீழே கடிகாரம் மாதிரி எண் குறைந்துகொண்டே வரும். முடித்தால் கைதட்டல் ஓசை வரும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை உன் அப்பா எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று யோசித்துப் பார். நாற்பது வருஷமாக அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கபடிப் போட்டிக்குக்கூட ஸ்கோர் சொல்ல உட்கார மாட்டார், நீயே சின்ன வயசில் கேட்டு அழுதிருக்கிறாய்.

உன் நண்பர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். பத்தாயிரம் பேரும் உன் நண்பர்கள் இல்லையே. நம் மாநிலத்தில் 21 வயசு ஆக வேண்டும் என்று சட்டம். செயலியில் 'ஆகிவிட்டது' என்று ஒரு பொத்தான், அதை 16 வயசுப் பிள்ளையும் அமுக்கும். ஹாஸ்டல் அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவை குடிக்கிற ஒரு பையன் இருப்பான். வட்டத்தில் அவன் பேர்தான் திரும்பத் திரும்ப வரும். 'பொறுப்பாகக் குடியுங்கள்' என்று முதல் திரையில் போட்டிருக்கிறாய். அது அவன் கண்ணில் படாது.

ஏழாம் பக்கத்தில், விதிக்காக 'மடக்கு' என்பதை எடுத்துவிட்டுப் 'புள்ளி' என்று மாற்றிக்கொள்ளலாம், விளையாட்டு கெடாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கெடாது என்றால் நிஜமாகவே எடுத்துவிடேன். கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி பூக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள், ரயிலில் குடும்பமாகப் போகிறவர்கள், மதுரையில் இருந்து அமெரிக்கா வரைக்கும் சிதறிக் கிடக்கிற பங்காளிப் பிள்ளைகள், இவர்களுக்கு என்ன இருக்கிறது? உன் ஆச்சி வாயில் வந்த சொலவடை, விடுகதை எல்லாம் என் பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருநூறுக்கு மேல் இருக்கும். கார்த்திகையில் உன் மாமா மகள் கல்யாணம் வருகிறது. அரைகுறையாகச் செய்ததானாலும் கொண்டுவா. இருபது பேர் கையில் கொடு. ஒரு மணி நேரம் கழித்து, இன்னொரு ஆட்டம் போடலாமா என்று யாராவது தானாகக் கேட்கிறார்களா என்று ஓரமாக உட்கார்ந்து பார். கேட்டால் பாவு ஓட்டு. கேட்காவிட்டால் உன் வேலை உன்னிடம் இருக்கும், சனி ஞாயிறு இரண்டு நாள்தான் போயிருக்கும்.

ரொம்பப் பேசிவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று பயமாக இருக்கிறது. உனக்குப் பழைய ரேடியோவைப் பிரித்துத் திரும்ப மாட்டத் தெரிந்தபோது ஆறு வயசு. இந்த வீட்டில் உன்னைப் போல மூளை யாருக்கும் வாய்த்ததில்லை, அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று லட்சம் போஸ்டாபீஸில் இருக்கிறது. அது உனக்குத்தான். இத்தனை சொன்ன பிறகும் நீ முதலில் நினைத்ததையே செய்ய வேண்டும் என்றால், அதற்கும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் நீ இந்த வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி பெங்களூர் வருகிறான். குதிரைவாலி அரிசி இரண்டு கிலோவும் சாத்தூர்க் காராச்சேவும் கொடுத்து அனுப்புகிறேன். அரிசியைக் கல் பார்த்துக் களைந்து போடு.

அப்பாவுக்குப் போன் போடு. செயலியைப் பற்றியும் நான் எழுதியதைப் பற்றியும் பேச வேண்டாம். கரிமூட்டம் எப்படிப் போடுவீர்கள் என்று கேள். நன்றாகச் சொல்வார்.

இப்படிக்கு
உன் அத்தை