துணைப்பாடம் கேட்ட மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய செய்திக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி பதில் போட மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வகுப்பில் மற்றவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள், உனக்கு மட்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது, ஒரு தீர்ப்பைப் படித்து முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிறது என்கிறாய். சட்ட மாணவர்களுக்குத் துணைப்பாடம் எடுக்கும் ஒருவரைத் தோழி சொன்னாளாம். சேரலாமா, அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று கேட்டிருக்கிறாய். சேரலாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அங்கே போய் நீ எதை வாங்கிக்கொண்டு வரப்போகிறாய் என்பதில் எனக்குக் கண்டிப்பான எண்ணம் உண்டு.

துணைப்பாடத்துக்குப் போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2023 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் அதற்கு ஆண்டொன்றுக்கு 180 கோடி வெள்ளி செலவிடுகின்றன. நீயும் தொடக்கப்பள்ளியிலிருந்து தொடக்கக்கல்லூரி வரை அதிலேயே வளர்ந்தவள்தான். கவலை அங்கேதான் இருக்கிறது. பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பை வைத்துக்கொண்டு, இந்த மாதிரிக் கேள்விக்கு இந்த மாதிரிப் பதில் என்று கையைப் பழக்கிய துணைப்பாடம் அது. சட்டத் தேர்வுகள் பலவற்றில் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். விதி உன் கண் முன்னாலேயே இருக்கும். கேள்வித்தாளில் வருவதோ எங்கும் நடக்காத ஒரு கதை. யார் யார்மேல் வழக்குப் போடலாம், எதிர்த்தரப்பு என்ன சொல்லும், நீதிபதி எந்த இடத்தில் தயங்குவார் என்று அதில் நீ சொல்ல வேண்டும். யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி விடை அங்கே உதவாது.

டிஜிலேண்ட்மால் வழக்கையே எடுத்துக்கொள். ஒப்பந்தச் சட்டத்தில் அதைப் படிக்காமல் இந்த ஊரில் யாரும் பட்டம் வாங்க முடியாது. 2003 ஜனவரியில் 3,854 வெள்ளி பெறும் எச்பி லேசர் அச்சுப்பொறி ஒன்று, ஊழியர் ஒருவரின் கைத்தவறால் டிஜிலேண்ட்மால் இணையத்தளத்தில் 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் செய்தி நண்பர்களுக்குள் பரவியது. ஆறு பேர் மட்டும் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் போட்டார்கள். கணினி தானாகவே உறுதி மின்னஞ்சலும் அனுப்பிவிட்டது. நிறுவனம் தவற்றைக் கண்டுபிடித்துப் பொருளைத் தர மறுக்க, ஆறு பேரும் நீதிமன்றம் போனார்கள். 2004-ல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.கே. ராஜா அந்த ஆறு பேரின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

நோட்ஸில் இது ஒன்றரை வரி. எதிராளி விலையில் தவறு செய்திருக்கிறார் என்பது உண்மையிலேயே தெரிந்து நீ ஒப்புக்கொண்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. அந்த ஒன்றரை வரியில் பிழை இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்ற முடிவுக்கு நீதிபதி எப்படி வந்தார்? கூண்டில் ஏறி எவரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ராத்திரி அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள், உண்மை விலையை அறிய இணையத்தில் தேடியது, அந்த நேரத்தில் வாங்கிய எண்ணிக்கை, அவரவர் படிப்பும் தொழிலும் என்று ஒவ்வொருவராக எடுத்து நிறுத்திப் பார்க்கிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதுதான் ஒருவர் மனத்தில் இருந்ததை நீதிமன்றம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது புரியும். உண்மையில் தெரியாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியவர் என்றால் என்ன ஆகும் என்பதற்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஈக்விட்டி வழியே வேறொரு பதில் சொல்கிறது. அதையும் விடாதே.

நாளைக்குத் தேர்வில், 800 வெள்ளி விமானச் சீட்டு 80 வெள்ளிக்கு வந்திருந்தது, மாணவி ஒருத்தி தனக்கென்று ஒரே ஒரு சீட்டு வாங்கினாள் என்று கேட்டால்? சலுகை விலை என்று அவள் நம்பியிருக்கலாமே! ஒன்றரை வரியை வைத்துக்கொண்டு நீ திணறுவாய். தீர்ப்பைப் படித்தவள் இரண்டு பக்கம் எழுதுவாள். ராத்திரி ஒரு மணி ஆகிறதென்றால் ஆகட்டும். முதல் ஆண்டில் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். பத்துத் தீர்ப்பு தாண்டினால், எந்தப் பத்தியில் வேகமாகப் போகலாம், எதில் நிற்க வேண்டும் என்பது உனக்கே பிடிபடும். தீர்ப்பை உனக்காக இன்னொருவர் படிக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சுருக்கித் தருகின்றனவே என்றும் கேட்டிருந்தாய். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த வழக்குகளை மனுவில் மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். மூலத் தீர்ப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். நம் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, சட்டங்களும் அப்படியே. பிறகென்ன?

உதவி எங்கே முடிகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020-ல் வழக்கறிஞர் தகுதிக்கான பார்ட் பி தேர்வு இணையம்வழி நடந்தது. அதில் விடைகளைப் பகிர்ந்துகொண்ட ஆறு பேரின் வழக்கறிஞர் சேர்க்கை விண்ணப்பங்கள் 2022 ஏப்ரலில் நீதிபதி சூ ஹான் டெக் முன் வந்தன. ஐந்து பேருடையதை ஆறு மாதமும் ஒருவருடையதை ஓராண்டும் அவர் தள்ளிவைத்தார். படிப்பு முடிந்து, அங்கி போட வேண்டிய நேரத்தில் ஊரே அவர்களைப் பற்றிப் பேசியது. அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று நான் நினைக்கவில்லை. சேர்ந்து படிப்பதற்கும் சேர்ந்து விடை எழுதுவதற்கும் நடுவிலுள்ள கோடு அவசரத்தில் மங்கிவிடும். உன் கட்டுரையை வாங்கி, அவர் நடையில் திருத்தி எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் உனக்கு வேண்டாம். எங்கே வாதம் அறுந்திருக்கிறது என்று காட்டிவிட்டுப் பேனாவை உன்னிடமே கொடுக்கிறவர் வேண்டும்.

அந்தத் துணைப்பாட ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடு: நான் தீர்ப்பைப் படித்துவிட்டு வருகிறேன், நீங்கள் பாடம் நடத்த வேண்டாம், என்னைக் கேள்வி கேளுங்கள், நான் சொல்வதை மறுத்துப் பேசுங்கள். அதற்கு அவர் தயங்கி, 'நோட்ஸ் தருகிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள்' என்றால் எழுந்து வந்துவிடு. இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, வாத்தியாரை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். அது மரியாதை, நல்லதுதான். உன் பல்கலைக்கழகத்திலோ வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண். பேராசிரியர் வேண்டுமென்றே தப்பான வாதத்தைச் சொல்லி யார் மறுக்கிறார்கள் என்று பார்ப்பார். உன் தொண்டை அடைப்பது அறிவுக் குறைவால் அல்ல, பழக்கமின்மையால். மரியாதை குறையாமல் மறுத்துப் பேசப் பழகவே உனக்குத் துணை வேண்டும். பணம் கொடுத்தாவது அதை வாங்கிக்கொள். பேராசிரியர்கள் சந்திப்புக்கு ஒதுக்கும் நேரத்திலும் போய் உட்கார். அதற்குக் காசு கிடையாது. ஆனாலும் நம் பிள்ளைகள்தான் அதிகம் தயங்குகிறார்கள்.

இந்த ஊரில் பல்கலைக்கழகச் சட்டத்துறை 1956-ல்தான் தொடங்கியது. முதல் மாணவர்கள் 1957-ல் சேர்ந்து 1961-ல் பட்டம் பெற்றார்கள். அதுவரை கப்பலேறி இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். அந்த முதல் வகுப்பில் இருந்த சான் செக் கியோங்தான் பின்னாளில் தலைமை நீதிபதியாகி, நீ டார்ட் என்கிற தீங்கியல் சட்ட வகுப்பில் படிக்கும் 2007 ஸ்பேண்டெக் தீர்ப்பை எழுதியவர். அவர்களுக்கு முன்னால் சீனியரே கிடையாது. தீர்ப்பும் நூலகமும் ஒருவரோடு ஒருவர் போட்ட வாக்குவாதமும்தான் அவர்களுக்குத் துணைப்பாடம்.

இன்னொரு துணைப்பாடம் உன் பக்கத்திலேயே இருக்கிறது. உன் வகுப்பு நடக்கும் ஆர்மீனியன் ஸ்திரீட்டிலிருந்து செலிகி சாலை வழியாக நடந்தால் தேக்கா வந்துவிடும். 2008 முதல் டிடபிள்யூசி2 அமைப்பின் கஃப் ரோடு திட்டத்தில், காயம்பட்டும் சம்பளம் கிடைக்காமலும் வேலையிழந்து நிற்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. சம்பளக் கோரிக்கைகளுக்காக 2017-ல் தொடங்கிய நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது; ஊழியரே தன் கதையைச் சொல்ல வேண்டும். வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் எத்தனை பேர்! சட்ட மாணவர்களுக்கு 20 மணி நேர இலவசச் சட்டச் சேவையை 2013-ல் கட்டாயமாக்கினார்கள். அந்த மணி நேரத்தைக் கடனே என்று கழிக்காதே. ஆலோசனை சொல்ல உனக்கு இன்னும் தகுதி இல்லை. வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்து கேள், குறித்துக்கொள், அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொல். ஒருவர் குழப்பமாகச் சொல்லும் கதையிலிருந்து சட்டத்துக்கு வேண்டியதைப் பிரித்தெடுப்பதைத்தான் தேர்வும் கேட்கிறது. அங்கே கேட்கிற கதைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கடன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்தைப் பற்றி: இந்தப் பருவம் முடியும்வரை வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பாதியை நான் தருகிறேன். உன் வகுப்பில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு தீர்ப்பாக வாதாடும் வேலையைத் துணைப்பாடம் தொடங்கும் முன்பே தொடங்கிவிடு. தம்பிக்கு மேல்நிலைத் தேர்வு முடியட்டும், அவனையும் எதிர்த்தரப்பாக உட்கார வைக்கலாம். வாய் அவனுக்குத்தான் நீளம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. ஸ்பேண்டெக் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வா, சுருக்கம் எதையும் கொண்டுவராதே. நான் எதிர்த்தரப்பு.

அன்புடன்,
அத்தை