படத்துக்குள் மறைந்த கட்டளை

தோழியரே, கைபேசியால் எடுக்கும் படத்துக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பேடு இருப்பதை அறிவீர்களா? திண்டிவனத்திலிருந்து திருவக்கரைக்குச் சென்று, கல்மரத்தின் அருகே ஒரு படம் எடுத்தால், எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர் ஆகியவை அதில் பதிவாகின்றன. இருப்பிட வசதியும் இயங்கினால் அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் பதிவாகும். இக்குறிப்புக்கு 'எக்சிஃப்' என்று பெயர். வீட்டு வாசலில் எடுத்த படமானால் வீடு இருக்குமிடமும் பிறருக்குத் தெரிந்துவிடும்.

இக்குறிப்புகளைப் படிக்கவும் அழிக்கவும் உதவுவது 'எக்சிஃப்டூல்' என்னும் மென்பொருள். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி என்பவர் 2003-இல் இதை வெளியிட்டார். இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளையைத் தட்டச்சு செய்து இதை இயக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் இதில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. ஸ்கேன் செய்த நூல்களைச் சேமிக்கப் பயன்படும் 'டேஜாவூ' வகைக் கோப்பைப் படிக்கும்போது, அதிலுள்ள எழுத்துகளைச் சரிவரச் சோதிக்காமல், கட்டளையாகவே எடுத்து இயக்கிவிட்டது. உறையின்மேல் முகவரியை வாசிக்க வேண்டிய தபால்காரர், அங்கே 'பூட்டைத் திற' என்று எழுதியிருப்பதைக் கண்டு பூட்டையே திறந்தால் எப்படியிருக்கும்? அது போன்றதே இது. சாதாரணப் படம்போல் பெயரிட்ட கோப்பினாலும் இத்தீங்கு நேரக்கூடும்; ஏனெனில் இம்மென்பொருள் கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டே அதன் வகையை அறிகிறது.

'கிட்லேப்' நிறுவனம், பயனாளர் அனுப்பும் படங்களிலிருந்து அந்தரங்கக் குறிப்புகளை நீக்கவே இதனைப் பயன்படுத்தியது. காவலுக்கு வைத்த கருவியே கள்வனுக்கு வாசலாயிற்று! எக்சிஃப்டூலின் 12.24-ஆம் பதிப்பில் குறை திருத்தப்பட்டது. கிட்லேப்பும் அதே ஏப்ரலில் திருத்தம் வெளியிட்டது. ஆயினும் அவ்வாண்டின் பிற்பகுதியில், புதுப்பிக்கப்படாதிருந்த கிட்லேப் கணினிகள் தாக்கப்பட்டன. மருந்து கையில் இருந்தும் உண்ணாதவர் நிலை இதுவே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டெபியன்' என்னும் லினக்ஸ் வகையில், பழைய பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தை மட்டும் சேர்த்து வழங்கினர். சென்னையில் உருவான 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் வந்ததா என்று பார்த்து, வந்தவுடன் நிறுவுவதே முறை.

விழுப்புரத்துப் புகைப்பட நிலையமானாலும் பள்ளிக் கணினி அறையானாலும் இவ்விதி ஒன்றே. அறியாதவர் அனுப்பிய கோப்பைத் திறக்குமுன் சிந்திப்போம். கைபேசிக் கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்துவோம். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பை 'நாளை' என்று தள்ளாமல் இன்றே ஏற்போம்.