பம்ப் வண்டியும் ஏசி கேபினும்

அகமதாபாத் மணிநகர் பக்கம் எங்கள் வகுப்பு நடக்கிறது. இரவு எட்டு மணிக்குத் தொடங்குவோம். எல்லோரும் வேலை முடித்துவிட்டு வருபவர்கள். அவர்களில் ஓர் அண்ணன் கான்கிரீட் பம்ப் வண்டி ஆப்பரேட்டர். வகுப்பில் அவருக்குப் பெயரே 'பம்ப் அண்ணன்'தான்.

ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, கான்கிரீட் போடும்போது கேபினில் ஏசி ஓடலாமா, கூடாதா? மேஸ்திரி டீசல் வீண் என்கிறார். டிரைவர் ஓடட்டும் என்கிறார். வண்டியோடு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அது இங்கிலீஷில் இருக்கிறது."

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். வண்டி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அண்ணனும் நானும் உட்கார்ந்து படித்தோம். புரியாத இடத்தில் ஒரு மெக்கானிக்கைக் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பம்ப் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரியின் மேல் ஒரு நீண்ட இரும்புக் கை மடங்கிக் கிடக்கும். அதற்குப் பூம் என்று பெயர். வேலை தொடங்கும்போது வண்டி நான்கு பக்கமும் கால் ஊன்றி நிற்கும். பூம் விரிந்து மாடிக்கு எட்டும். மிக்சர் வண்டி பின்னால் வந்து கலவையைக் கொட்டும். பம்ப் அதைத் தள்ளும். கலவை பூம் வழியாக ஏறி, நுனியில் தொங்கும் ரப்பர் ஓஸ் வழியாகத் தளத்தில் விழும். அந்த ஓஸைப் பிடிக்க இரண்டு பேர் நிற்பார்கள்.

பம்புக்குத் தனி இன்ஜின் இல்லை. லாரியின் இன்ஜின்தான் பம்பையும் ஓட்டுகிறது. எனவே கான்கிரீட் போடும் நேரம் முழுவதும் இன்ஜின் ஓடியே ஆக வேண்டும். ஏசியும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. இன்ஜினின் திறன் இருநூறு குதிரைத்திறனுக்கும் மேல். ஏசி அதில் எடுப்பது சில குதிரைத்திறன் மட்டுமே. டீசல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மேஸ்திரி சொல்லும் அளவுக்கு இல்லை.

கவனிக்க வேண்டியது சூட்டை. ஓடும் லாரிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். அந்தக் காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். பம்ப் வண்டி நின்ற இடத்திலேயே பாடுபடுகிறது. அதற்கு எதிர்க்காற்று இல்லை. பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் இருக்கும். மெல்லிய தகடுகள் வைத்த வலை போல இருக்கும். கேபினில் இருந்து எடுத்த சூட்டை அது வெளியே விடுகிறது. அந்தச் சூடும் ரேடியேட்டர் மேல்தான் போகிறது.

கண்டென்சரில் சிமெண்ட் தூசி அடைத்தால் இரண்டும் கெட்டது. ஏசி குளிராது, இன்ஜினும் கொதிக்கும். தூசியை முதலில் காற்றடித்துப் போக்க வேண்டும். எடுத்த உடனே தண்ணீர் அடித்தால் சிமெண்ட் தகட்டிலேயே இறுகிவிடும். தண்ணீரையும் வேகமாக அடிக்கக் கூடாது. தகடு வளைந்துவிடும்.

டேஷ்போர்டில் ஒரு முள் இருக்கிறது. ஒரு பக்கம் 'சி' என்ற இங்கிலீஷ் எழுத்து. அது குளிர்ச்சி. மறுபக்கம் 'எச்' என்ற எழுத்து. அது சூடு. பம்ப் அண்ணன் இந்த இரண்டு எழுத்தையும் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகினார். முள் 'எச்' பக்கம் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். பிறகு பம்பை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீச்சும்.

இன்னொன்று. ஏசி ஓடும்போது கேபினுக்குக் கீழே தண்ணீர் சொட்டும். ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த சொம்பின் மேல் நீர் முத்து கட்டுகிறதே, அதே போன்ற தண்ணீர்தான் இது. தொட்டுப் பாருங்கள். நிறம் இல்லாமல், பிசுக்கு இல்லாமல் இருந்தால் ஏசித் தண்ணீர்.

இதுவரை படித்ததும் அண்ணன் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. முள் சரியாக இருந்தால் ஏசி ஓடலாம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு சம்பவத்தைச் சொன்னார். அதுவரை வகுப்பில் யாரிடமும் சொல்லாதது.

போன மே மாதம். மதியம் மூன்று மணி. இரண்டாவது மாடித் தளம் போடுகிறார்கள். பூமை ஆட்டுவது ரிமோட். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டி அது. ஆப்பரேட்டர் ஓஸ் நுனி தெரியும் இடத்தில் நின்று அதை இயக்க வேண்டும். அன்று வெயில் தாங்கவில்லை. அண்ணன் ரிமோட்டோடு கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏசியை முழு வேகத்தில் வைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். மேலே இருந்த ஹெல்பர் போனில் சொல்ல, இவர் பூமை ஆட்டினார். ஒரு மணி நேரம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பிறகு குழாய் அடைத்தது. வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும். அதனால் அடைப்பும் அதிகம். அடைப்பு எடுக்கப் பம்பைப் பின்னோக்கி ஓட்டினார். பிறகு முன்னோக்கி ஓட்டினார். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அந்தக் காற்று வெளியேறும்போது ஓஸ் சாட்டை போலச் சுழன்றது. ஓஸ் பிடித்திருந்த பையனைக் கம்பி மேல் தூக்கி எறிந்தது. மற்றவன் "ரோகோ! ரோகோ!" என்று கத்தினான். நிறுத்து என்று அர்த்தம். தளத்தில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள்.

கேபினுக்குள் ஏசிக் காற்றின் சத்தம். இன்ஜின் சத்தம். ஏற்றிய கண்ணாடி. அண்ணனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. போன் ஹெல்பர் கையில் இருந்து விழுந்துவிட்டது. வாட்ச்மேன் ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் இவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

பையனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. ஜார்க்கண்டில் இருந்து வந்த பையன். பத்தொன்பது வயது.

"ஏசி மேல் தப்பு இல்லை தங்கச்சி. நான் உட்கார்ந்த இடம் தப்பு" என்றார்.

வண்டிப் புத்தகத்தைத் திரும்பவும் எடுத்தோம். ஓஸைச் சுற்றி எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஓஸின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம். ஓஸ் 4 மீட்டர் என்றால், தொங்கும் இடத்தில் இருந்து எல்லாப் பக்கமும் 4 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. பம்பை முதலில் ஓட்டும்போதும், அடைப்பு எடுத்து மறுபடி ஓட்டும்போதும் இது கட்டாயம். கலவை சீராக விழ ஆரம்பித்த பிறகுதான் ஓஸைத் தொட வேண்டும். ஆட்கள் விலகிவிட்டார்களா என்று கண்ணால் பார்க்காமல் ஆப்பரேட்டர் பொத்தானைத் தொடக் கூடாது. கேபினில் உட்கார்ந்தால் எப்படிப் பார்ப்பது?

அண்ணன் கேபினுக்குள் போனதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர் வெயில் அப்படி. 2016 மே 20 அன்று அகமதாபாத்தில் 48 டிகிரி அடித்தது. 2010 மே மாதம் அடித்த வெயிலில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். அதன் பிறகுதான் 2013-ல் இந்த நகராட்சி வெயிலுக்கென்று ஒரு திட்டம் போட்டது. லாரி டிரைவர்களுக்கும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2025-க்குப் பிறகு தயாராகும் பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் அது கேபினுக்குள் இருப்பவருக்கு. ஓஸ் பிடிக்கும் பையனுக்கு எந்த ஏசி?

இப்போது அண்ணனின் சைட்டில் வேறு மாதிரி நடக்கிறது. கோடையில் முடிந்தவரை இரவில் கான்கிரீட் போடுகிறார்கள். பகலில் போட்டால் அண்ணன் தளத்தில் நின்றே ரிமோட் பிடிக்கிறார். அவருக்கு ஒரு பெரிய குடை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மிக்சர் வண்டி போய் அடுத்தது வரும் இடைவெளியில்தான் கேபின். அதற்கு முன் சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுகிறார். இடைவெளி நீண்டால் குழாயில் கலவை இறுகும். அதனால் சில நிமிடத்துக்கு ஒரு முறை அதை அசைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கும் வெளியே வந்து, ஓஸைப் பார்த்துத்தான் செய்கிறார்.

ஓஸ் பிடிப்பவர்களும் முறை வைத்துக் கேபினில் உட்காருகிறார்கள். சீட் அழுக்காகும் என்று முதலாளி முதலில் முகம் சுளித்தாராம். அண்ணன் ஒரு பழைய சாக்கை சீட்டில் விரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெயிலில் நின்ற கேபின் அடுப்பு போல இருக்கும். முதலில் இரண்டு கதவையும் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். பிறகு ஏசியைப் போடுங்கள். 25, 26 டிகிரி போதும். வியர்வையோடு போய் 18-ல் உட்கார வேண்டாம். தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங்கிலோ மூடிய ஷெட்டிலோ இன்ஜினை ஓடவிட்டுக் கேபினில் தூங்கவே கூடாது. புகை உள்ளே வரும். தூங்குபவருக்குத் தெரியாது.

கூட வேலை செய்பவர் திடீரென்று உளறுகிறாரா? உடம்பு நெருப்பாகச் சுடுகிறதா? நடை தள்ளாடுகிறதா? அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். அவரை உயரமான கேபினில் தூக்கி ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கத்து நிழலில் படுக்க வையுங்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது திரும்பி வந்துவிட்டான். ஓஸ் பிடிக்க இன்னும் கையில் வலு இல்லை. மிக்சர் வண்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு எண் எழுதத் தெரியாது. பம்ப் அண்ணன்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் வேலை இடத்தில் "நிறுத்து" என்பதை எந்தெந்த மொழியில் சொல்கிறார்கள்? எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள்.

ஓஸ் 3 மீட்டர் நீளம் என்றால் எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும்?

ஒரு மிக்சர் வண்டியில் 6 கனமீட்டர் கலவை. தளத்துக்கு 90 கனமீட்டர் தேவை. எத்தனை வண்டி வர வேண்டும்? அந்தப் பையன் 15 என்று எழுதினான். சரியா என்று பாருங்கள்.