தொடங்கிய படிப்பை முடிப்பது எப்படி?



வயது வந்தபின் உயர்கல்வியில் சேருவது நம் நாட்டில் இன்று அரிதான செயலன்று. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1971-ஆம் ஆண்டிலேயே வேலை பார்ப்போருக்கு வெளிவளாகக் கல்வியைத் தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டில், பதினொரு பொதுப் பல்கலைக் கழகங்களின் கூட்டமைப்பால் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டது. முன் அனுபவத்தை மதிப்பிட்டு இடம் தரும் 'ஏப்பல்' முறையும் பின்னர் வந்தது. அதன்படி, 21 வயது நிரம்பி உரிய தொழில் அனுபவம் உள்ளவர், மதிப்பீட்டில் தேறினால் இளங்கலை வகுப்பில் சேரலாம். பள்ளியை விட்டுக் கல்லாவுக்கு வந்தவருக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் சேர்ந்தவர் எல்லாரும் பட்டத்தோடு வெளிவருகிறார்களா? இல்லை. தொலைக்கல்வியில் இடையில் நிற்போர் நேர்முகக் கல்வியைவிட அதிகம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. கட்டிய பணமும் போய், "நமக்குப் படிப்பு வராது" என்ற எண்ணமும் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தில் இரண்டு கேள்விகளை ஆராய்வோம். விலகப்போகிறவரை முன்கூட்டியே அறிய முடியுமா? அவரை நிறுத்திக்கொள்ள நாம் என்ன செய்யலாம்?

1. விலகுவதன் காரணம்

அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ 1975-இல் ஒரு விளக்கம் தந்தார். மாணவன் கல்லூரியின் பாடத்தோடும் அங்குள்ள மனிதரோடும் எவ்வளவு ஒன்றுகிறானோ, அவ்வளவு நிலைப்பான் என்பது அதன் சாரம். விடுதியில் தங்கிப் படிக்கும் இளைஞருக்கு இது பொருந்தும். கடையடைத்துவிட்டு இரவில் புத்தகம் திறப்பவருக்கோ கல்லூரி நட்பு ஏது?

ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் என்ற இருவர் 1985-இல் இக்குறையை நிரப்பினர். வயது வந்த மாணவரை நிறுத்துவதும் விலக்குவதும் பெரும்பாலும் கல்லூரிக்கு வெளியே உள்ளவை என்றனர். பண வசதி, வேலை நேரம், குடும்பப் பொறுப்பு, பிறர் தரும் ஊக்கம் ஆகியவையே அவை. வீடும் வேலையிடமும் துணை நின்றால் பாடத்தில் உள்ள தடுமாற்றத்தைச் சமாளிக்கலாம். அவை துணை நில்லாவிட்டால் நல்ல ஆசிரியர் இருந்தும் போதாது. இக்கருத்து நம்மவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஏனெனில் அந்த வேலையிடம் பல நேரங்களில் நம் கடையே.

2. முன்கூட்டி அறிதல்

கடன் கொடுத்து வியாபாரம் செய்பவர் இதை எளிதில் உணர்வார். பாக்கிக்காரர் ஒரே நாளில் கைவிரிப்பதில்லை. முதலில் கடைப்பக்கம் வருவது குறையும். பிறகு எதிர்ப்பக்க நடைபாதையில் போவார். பேரேட்டில் பாக்கி நிற்பது அதற்குப் பின்தான். மாணவரும் அப்படியே. முதலில் வகுப்புக்கு வருவது நிற்கும். இணையப் பாடத்தைத் திறப்பது நிற்கும். முதல் ஒப்படைப்புப் பணி தவறும். விலகல் கடிதம் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று 1971-இல் பாடம் தொடங்கியது. மாணவரின் பின்னணியையும் இணையப் பாடத்தில் அவர் நடமாட்டத்தையும் கொண்டு, யார் தடுமாறக்கூடும் என்று வாரந்தோறும் கணிக்கும் முறையை அது அமைத்துள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். "இவர் விலகுவார்" என்று கணித்தபின் அவருக்கு இடம் மறுப்பது அநீதி. கணிப்பு உதவி செய்வதற்கே உரியது. மாணவர் விவரங்களை நேர்மையாகக் கையாள்வதற்கென்றே அப்பல்கலைக் கழகம் 2014-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது.

3. நம் வட்டாரத்து இடையூறுகள்

வகுப்பு பெரும்பாலும் சனி, ஞாயிறு. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் துணிக்கடைக்கும், கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைக்கும் அவையே வியாபார நாட்கள். நோன்பு மாதத்தில் ஜவுளிக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்பருவத்தில் தேர்வும் வந்தால் தோற்பது படிப்புத்தான். உணவுக்கடைக்காரருக்கோ இரவும் பகலும் ஒன்று. தமிழில் கற்றவருக்கு மலாய், ஆங்கிலப் பாடநூல்கள் தொடக்கத்தில் மலைப்பைத் தரும். இவை யாவும் பாடத்திறனைச் சேர்ந்த குறைகள் அல்ல என்பதைக் காண்க.

4. செய்யத்தக்கவை

படிப்பவர்: பதிவுக்கு முன் பல்கலைக் கழக நாட்காட்டியையும் கடை நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் பருவத்தில் அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவு பாடங்களையே எடுக்கலாம். முதல் ஒப்படைப்புப் பணியைச் சிறப்பாக இல்லாவிட்டாலும் நாள் தவறாமல் தருக. நிறுத்தித்தான் ஆக வேண்டுமானால் மௌனமாக மறையாமல், முறைப்படி ஒத்திவைப்புக்கு எழுதுக. திரும்பி வரும் வழி அடைபடாது.

முதலாளி: கட்டணத்தில் பங்கு தருவது நன்று. அதனினும் நன்று, வாரத்தில் இரண்டு மாலைகளை அவருக்கென்று ஒதுக்கி, ஆள் குறைந்த நாளிலும் அதைப் பறிக்காதிருப்பது.

சங்கம்: பாடம் தொடங்குமுன் ஒருமுறை, நாலாம் வாரத்தில் ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரிக்கலாம். இது சிறு காரியம் போலத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் ஆர்மண்ட் சிம்ப்சன் என்பவர், தொடக்கத்தில் இவ்வாறு பேசப்பட்ட மாணவரையும் பேசப்படாதவரையும் ஒப்பிட்டார். பேசப்பட்டவரில் நூற்றுக்குச் சிலர் கூடுதலாக நிலைத்தனர் என்று காட்டினார். இஷாவுக்குப் பின் மண்டபத்தில் ஒரு மேசையும் விளக்கும் ஒதுக்கி, பட்டம் முடித்த ஒருவரைப் புதியவரோடு அமர்த்துவதும் அதிகச் செலவில்லாத உதவி.

வகுப்பில் பேசுவதற்கு:

(அ) உங்கள் கடையில் படிப்பவர் யார்? அவருடைய அடுத்த தேர்வு எந்த நாள் என்று உங்களுக்குத் தெரியுமா?

(ஆ) இடையில் நிறுத்திய ஒருவரை நினைவுகூருங்கள். முதல் அறிகுறி எது? அன்று யார் பேசியிருக்கலாம்?

(இ) நிறுத்தியவர் மறுபடி சேர விரும்பினால், முதல் மாதத்தில் அவருக்கு நம்மால் ஆகக்கூடிய உதவி யாது?

இம்மூன்றாம் கேள்விக்கான விடைகளை எழுதிச் சங்கச் செயலாளரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பருவப் பதிவுக்கு முன்னரே அவற்றைப் பரிசீலிப்பது நலம்.