ரேங்க் என்று ஒரு ஃபீல்டு

ஒரு பயிற்சி நிலையத்தின் மாணவர் பதிவேட்டு மென்பொருளை ஏழெட்டு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் வேறொருவர், வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். முன்னால் பிஎச்பி, பின்னால் மைஎஸ்க்யூஎல் 5.7. ஓடிக்கொண்டிருந்தது, நானும் கை வைக்கவில்லை. 2023 அக்டோபரோடு 5.7-க்கு ஆதரவு முடிந்தது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது என்றான பிறகுதான் 8.0-க்கு ஏற நாள் குறித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பேக்கப் எடுத்தாயிற்று, புதிய பதிப்பை நிறுவியாயிற்று. சர்வர் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் வியர்த்த பிறகு பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். கான்ஃபிக் கோப்பில் குவெரி கேஷுக்கு இவ்வளவு நினைவகம் என்று யாரோ என்றோ எழுதிய ஒரு வரி இருந்தது. 8.0-இல் குவெரி கேஷ் என்ற வசதியையே எடுத்துவிட்டார்கள். தனக்குத் தெரியாத பெயர் கான்ஃபிக்கில் இருந்தால் சர்வர் கிளம்பாது. வரியை அழித்தேன், ஓடியது. நான்கைந்து பக்கங்களைத் திறந்து பார்த்துவிட்டு, வென்றுவிட்டதாக நினைத்துத் தூங்கப் போனேன்.

திங்கள் காலை பத்தரைக்கு போன். "சார், ரேங்க் லிஸ்ட் வரமாட்டேங்குது."

மதிப்பெண் டேபிளில் ரேங்க் என்று ஒரு ஃபீல்டு. மாணவர்கள் எடுத்த பாடப்பிரிவுகளுக்கு குரூப்ஸ் என்று ஒரு டேபிள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கான மென்பொருளில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? 8.0-இல் விண்டோ ஃபங்ஷன்கள் வந்தபோது ரேங்க், குரூப்ஸ், லீட், லேக், ஓவர் போன்ற சொற்களை மொழி தனக்கென்று எடுத்துக்கொண்டது. அவற்றை வெறுமனே பெயராக எழுதினால் 1064 என்ற இலக்கணப் பிழை வரும். என்னை ஏமாற்றியது வேறொன்று. சில அறிக்கைகள் ஒழுங்காக வந்தன, சில வரவில்லை. டேபிள் பெயரை முன்னால் போட்டு, புள்ளி வைத்து, பிறகு ரேங்க் என்று எழுதிய இடத்தில் பிழை இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது பெயர்தான் என்று சர்வருக்குத் தெரியும். தனியாக எழுதிய இடங்களில்தான் விழுந்தது. நான் இரவில் திறந்து பார்த்த பக்கங்களெல்லாம் புள்ளி வைத்த ரகம். பெயரைச் சுற்றிப் பேக்டிக் குறி போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் எழுபது எண்பது கோப்புகளில் எங்கெங்கே என்று தேட வேண்டுமே.

அதையாவது பிழைச் செய்தி காட்டிக்கொடுத்தது. வாயே திறக்காத மாற்றம் ஒன்றும் இருந்தது. 5.7 வரை குரூப் பை போட்டால் விடை அந்த ஃபீல்டின் வரிசையிலேயே வந்துவிடும். ஆர்டர் பை எழுதத் தேவையில்லை. 8.0 அந்த இலவசத்தை நிறுத்திவிட்டது. அ பிரிவு, ஆ பிரிவு என்று வரிசையாக வந்த கட்டண அறிக்கை கலைந்து வந்தது. கூட்டுத்தொகை சரி, வரிசைதான் இல்லை. கணக்கர் அதை எக்செல்லில் அப்படியே ஒட்டுவார். இரண்டு நாள் தொகைகள் தப்பான பிரிவுகளுக்கு எதிரே போய் உட்கார்ந்தன. எந்தப் பதிவேட்டிலும் எச்சரிக்கை இல்லை.

பெரிய அடி மதியம் விழுந்தது. மாணவர் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். சான்றிதழில் அச்சிட மட்டும் தமிழ்ப் பெயருக்குத் தனி ஃபீல்டு. சான்றிதழ் எடுத்துப் பார்த்தால் தமிழையே காணோம். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ. தமிழ்த் தளங்களில் வேலை பார்த்தவர்கள் இந்த முகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார்கள். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். முதல் பைட்டை லேட்டின்1 கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த ஏ. இரண்டாவது பைட் பல குறிகளுக்கு அந்த வட்டத்துக்குள் ஆர்.

நடந்தது இதுதான். 5.7-இன் இயல்பான எழுத்துத்தொகுதி லேட்டின்1. டேபிள்களும் லேட்டின்1. பிஎச்பி, சர்வர் சொன்ன தொகுதியையே பிடித்துக்கொண்டு பேசியது. உள்ளே தமிழ் பைட்டுகள் லேட்டின்1 என்ற பொய்ப் பெயரோடு போயின, அதே பொய்ப் பெயரோடு வெளியே வந்தன. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் பத்து வருடம் யாரும் கவனிக்கவில்லை. 8.0-இன் இயல்பு யூடிஎஃப்8எம்பி4. ஒரு பக்கம் உண்மை பேசத் தொடங்கியதும் சர்வர் பொறுப்பாக லேட்டின்1-ஐ யூடிஎஃப்-8 ஆக மாற்றிக் கொடுத்தது. ஏற்கனவே யூடிஎஃப்-8 ஆக இருந்ததை!

இந்த இடத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேற்றெழுத்துக் குப்பையாகத் தெரிகிற தமிழ் பிழைத்துக்கொள்ளும். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. கேள்விக்குறிகளாகத் தெரிகிற தமிழ் பிழைக்காது. எங்கள் அலுவலகத்தில் ஒரு நல்ல பெண் பதறிப்போய், கெட்டுப்போன பெயர்களை மறுபடி தட்டி ஏற்றத் தொடங்கியிருந்தார். லேட்டின்1 ஃபீல்டில் உண்மையான தமிழுக்கு இடமில்லை. கண்டிப்பு முறையைப் பழைய ஆள் அணைத்து வைத்திருந்ததால் பிழையும் வரவில்லை. அவர் தட்டிய பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக விழுந்தன. அவற்றைப் பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே முதல் வேலை, எல்லோரையும் கையை எடுக்கச் சொல்வது. அடுத்து, சர்வரின் எழுத்துத்தொகுதியைக் கான்ஃபிக்கில் லேட்டின்1 என்றே எழுதி அன்றைய பொழுதை ஓட்டினேன். நிரந்தர வைத்தியத்தைப் பிறகு ஒரு நகலில் வைத்துப் பார்த்தேன். ஃபீல்டை முதலில் பைனரி வகையாக மாற்ற வேண்டும், அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 ஆக. நேராக மாற்றினால் குப்பை நிரந்தரமாகிவிடும்.

அதிலும் ஒரு முள். 'கிருஷ்ணமூர்த்தி' என்று எழுத 15 குறிகள், 45 பைட். ஃபீல்டின் நீளம் 40. லேட்டின்1 கணக்கில் ஒரு பைட் ஓர் எழுத்து என்பதால், பெயர் கடைசி குறிகளில் ஒன்றின் நடுவே வெட்டுப்பட்டிருந்தது. அரைகுறை பைட்டை யூடிஎஃப்-8 ஏற்காது. இப்படி வெட்டுப்பட்ட பெயர்களை விண்ணப்பப் படிவங்களைப் பார்த்துக் கையால் சரிசெய்தோம்.

திரும்பிப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. 8.0 ஒருமுறை தொட்ட டேட்டாவை 5.7 திறக்காது, உள்ளே அகராதி அமைப்பே வேறு. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்வது ஒன்றே வழி. எங்களுக்கு டம்ப் எடுக்க இருபது நிமிடம், அதைத் திரும்ப ஏற்ற ஏறக்குறைய மூன்று மணி நேரம். இந்த இரண்டாவது எண்ணை நான் அதற்கு முன் அளந்ததே இல்லை. அதற்குள் காலையில் கட்டண ரசீதுகள் போட்டுவிட்டார்கள். ரீஸ்டோர் செய்தால் அவை போய்விடும். இப்போதெல்லாம் காகிதத்தில் ஒரு நேரத்தை எழுதி மேசையில் ஒட்டிவிடுகிறேன்: அதிகாலை 4 மணிக்குள் சரியாகவில்லை என்றால், காரணம் தேடாமல் பழையதற்குத் திரும்புவது. நள்ளிரவு தாண்டிய மூளை "இன்னும் பத்து நிமிடம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

சோதனையும் மாறிவிட்டது. மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் அப்கிரேடு செக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஓடுகிற 5.7-ஐ ஆராய்ந்து, எடுக்கப்பட்ட அமைப்புகள், மொழி எடுத்துக்கொண்ட சொற்கள் எல்லாவற்றையும் பட்டியல் போடும். என் டேபிள் பெயரை அது சொல்லியிருக்கும், நான் கேட்கவில்லை. ஆனால் பிஎச்பி கோப்புகளுக்குள் இருக்கிற குவெரிகள் அதற்குத் தெரியாது. அதற்காக ஸ்லோ குவெரி பதிவேட்டின் நேர வரம்பைப் பூஜ்யமாக்கி, தேர்வு முடிந்து ரேங்க் போடுகிற வாரம், கட்டணம் வாங்குகிற வாரம் என்று பார்த்து எல்லாக் குவெரிகளையும் பிடித்துவைக்கிறேன். அவற்றைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட்டால், வரிசை கலைந்தது உட்பட எல்லாம் தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை ஓடுகிற அறிக்கைதான் வழக்கமாகக் காலை வாருகிறது.

டேட்டாபேஸை அப்டேட் செய்தால்தான் சிக்கல் என்றும் இல்லை. இன்னோர் இடத்தில் போஸ்ட்கிரெஸ். அதைத் தொடவேயில்லை, உபுண்டுவை மட்டும் 18.04-இலிருந்து 20.04-க்கு ஏற்றினோம். சில நாளில், கண்முன்னே இருக்கிற பில் எண்ணைத் தேடினால் இல்லை என்றது. சொற்களை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் அங்கே உபுண்டுவின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடமிருந்து வாங்குகிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த விதிகள் மாறின. நடுவில் கோடு போட்ட எண்கள் இடம் மாறும். இண்டெக்ஸ் பழைய வரிசையில் கட்டியது, தேடுவது புது வரிசையில். எழுத்துகள் இருக்கிற இண்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்டினோம். தனித்தன்மை காக்க வேண்டிய இண்டெக்ஸ் அதற்குள் இரண்டு இரட்டைப் பதிவுகளை உள்ளே விட்டிருந்தது.

8.0-க்கும் 2026 ஏப்ரல் கெடு. அடுத்தது 8.4. அதில் பழைய கடவுச்சொல் முறையான நேட்டிவ் பாஸ்வேர்டு இயல்பாகவே அணைந்திருக்கும், 9.0-இல் அடியோடு இல்லை. 8.0-க்கு வந்தபோது பழைய பயனர்கள் பழைய முறையிலேயே தொடர்ந்ததால் எனக்கு வலி தெரியவில்லை. இம்முறை முதலிலேயே பட்டியல் எடுத்துவிட்டேன்: எட்டுப் பயனர்களில் ஆறு பேர் பழைய முறையில். ஐந்து பேரை மாற்றியாயிற்று. மீதி ஒன்று வருகைப்பதிவு இயந்திரத்தின் மென்பொருள். புதிய முறையில் பேசத் தெரியாத பழைய கனெக்டர். அதைச் செய்து கொடுத்தவரின் எண்ணுக்கு மூன்று நாளாக அடித்துக்கொண்டிருக்கிறேன். மணி போகிறது, எடுப்பதில்லை.